அளவக்கா விழுங்காத குண்டூசி

அளவக்கா ஜெபக்கூட்டத்தில் குண்டூசியை விழுங்கிவிட்டாள் என்ற செய்தி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், அங்கே கொஞ்சம் இளைப்பாறி, உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டது. போகும்போது ஒரு குண்டூசி. வரும்போது மூன்று. பழக்கடைக்காரரிடம் கேட்டால் அது சாக்கு தைக்கும் கோணி ஊசி.

"கர்த்தரே எறங்கி வந்து வாயைத் தச்சுட்டாருங்க," என்றார் அவர், ஆரஞ்சு ஒன்றைத் துடைத்துக்கொண்டே. "வேற யாராலயும் முடியலையே."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். ஆனால் ஊர் வாயில் வந்ததைச் சரிபார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவரைக் கேட்டால், "இந்த வாரம் ரெண்டு கை, ஒரு முழங்கால், ஒரு இடுப்பு. தொண்டை எதுவும் வரல," என்றார். மருந்துக்கடையில் அளவக்கா இருமல் மிட்டாய்கூட வாங்கவில்லை. கடைசியாக அவள் கடைக்கே போய் எட்டிப் பார்த்தால், தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஆப்பிளை நறுக்நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள். விழுங்கவும் செய்தாள். தடங்கலே இல்லை.

ஆகவே செய்தி பொய். ஆனால் துணியே இல்லாமல் கிழிசல் வருமா? அந்தப் புதன்கிழமை அளவக்கா ஒன்றை விழுங்கப் பெரும்பாடு பட்டது நிஜம். அது ஊசியைவிடப் பெரியது, ஊசியைவிடக் கூர்மையானது. கதை அதைப் பற்றியது.

அளவக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பெண்களுக்கான துணி தைப்பவள். மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒற்றை அறை அவள் கடை. ஒரு மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்க நிற்பவரை மறைக்கும் பச்சைத் திரை, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு நீள நோட்டு. அந்த நோட்டில் ஊரின் பாதிப் பெண்களுடைய தோளும் மார்பும் இடுப்பும் தேதிவாரியாக இருந்தன. டாக்டருக்குத் தெரியும் முன்பே அளவக்காவின் டேப்புக்குத் தெரிந்துவிடும். யாருக்கு மூன்று மாதத்தில் இடுப்பில் நாலு இஞ்சு குறைந்தது, யார் கவலையில் இளைத்தாள், யார் சந்தோஷத்தில் பெருத்தாள், யார் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டே பயணத்துக்கேற்ற உடுப்பு தைக்கக் கொடுத்தாள் என்று எல்லாமே.

டேப் சொல்லாத மிச்சத்தைப் பெண்களே சொன்னார்கள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கும் மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அளவக்கா "ம்" என்பாள். "அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான், கொட்டிவிடும்.

பேருக்கு ஏற்ற ஆள்தான், தையலில் மட்டும். பேச்சில் அவளுக்கு அளவு கிடையாது. இதை அவள் புருஷனே சொல்வான். அவன் பஸ் டிரைவர். "பஸ்ல ஒரு போர்டு இருக்கு, டிரைவருடன் பேசாதீர்கள்னு. அதை வீட்டுல மாட்ட அனுமதி கேட்டிருக்கேன்," என்பான். அவனிடம் எந்த ரகசியத்தைச் சொன்னாலும் அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டு மறந்துவிடுவான். அதனால் அவனிடம் சொல்வதில் அவளுக்குச் சுவையே இல்லை.

சுவை எதில் இருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஐந்தாவதாகப் பிறந்தவள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஆள் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் கையில் செய்தி இருக்க வேண்டும். செய்தியைச் சொல்வதற்கு முன்னால் வருமே அரை நொடி, எதிரில் இருப்பவரின் புருவம் ஏறி, கையில் உள்ள டம்ளர் பாதியில் நின்று, உலகம் முழுக்க உன் பக்கம் சாயும் அந்த அரை நொடி, அதற்கு அவள் அடிமை. குடிகாரனுக்கு முதல் மடக்கு எப்படியோ அப்படி. சொல்லி முடித்த பிறகு வாய் கசக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் தலைகுனிந்து, "ஆண்டவரே, என் நாக்கைப் பாத்துக்கோ," என்று உண்மையாகவே அழுவாள். திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போது நாக்கு சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: அவள் பொய் சொல்ல மாட்டாள். பிரச்சினையே அதுதான். அவள் சொன்னதெல்லாம் உண்மை என்பதால் ஊர் நம்பியது.

சபையில் புதன்கிழமை மதியம் பெண்கள் ஜெபக்கூட்டம். போதகர் வீட்டு முன்னறையில் ஏழெட்டு நாற்காலி வட்டமாகப் போட்டிருக்கும். முதலில் ஒரு பாட்டு, பிறகு ஜெபக்குறிப்புகள், பிறகு ஜெபம், பிறகு டீ. இதில் ஜெபக்குறிப்புதான் அதிக நேரம் பிடிக்கும். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். புறங்கூறுவது பாவம் என்பது அந்த வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் பெயர் சொல்வதில்லை. "நம்ம சபையில ஒரு சகோதரி," என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வார்த்தை விழுந்ததும் நாற்காலிகள் தாமாக ஓரங்குலம் முன்னால் வரும்.

நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி அங்கே உண்டு. புத்தகத்தை எண் வைத்துத் தேடிப் பழகியவள். "கல்யாணம் ஆனவளா?" என்பாள். "ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பாள். மூன்றாவது கேள்வியில் ஆளை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவாள். "பேரெல்லாம் வேணாம், ஜெபம் பண்ணுவோம்," என்பார் போதகரம்மா. எல்லாரும் திருப்தியாகக் கண்ணை மூடுவார்கள். இத்தனை வருடத்தில் அந்த வட்டத்தில் யாரும் தன் பாவத்துக்காக ஜெபிக்கச் சொன்னதில்லை. முழங்கால் வலிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அளவக்காதான் அங்கே நட்சத்திரம். அவள் வாய் திறந்தால் டீ ஆறிப்போகும்.

அப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை நர்ஸம்மா தன் கோட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

நர்ஸம்மா முப்பது வயதைத் தாண்டியவள். புருஷன் செத்து இரண்டு வருடம். ஆறு வயதுப் பெண் குழந்தையோடு புருஷனின் அண்ணன் வீட்டில் இருந்தாள். கோட்டின் லைனிங்குக்குள்ளே, வெளியே தெரியாதபடி ஒரு பை வைக்க வேண்டும் என்று கேட்டாள். எவ்வளவு பெரிய பை என்று கேட்டதற்கு ஒரு பழுப்பு உறையை நீட்டினாள். அளவக்கா டேப்பை வைத்தாள். பத்துக்கு ஏழு.

"என்னம்மா இதுக்குள்ள?"

"பேப்பருங்க அக்கா."

"ம். அப்புறம்?"

நர்ஸம்மா திரையை இழுத்து மூடிவிட்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க வீடும் தருகிறார்கள், குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் இருக்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ரயில். குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் தன் படிப்புச் சான்றிதழும் மூத்தவருடைய பீரோவில் இருந்தன. சாவி கிடைத்த நேரம் பார்த்து எடுத்துவிட்டாள். வீட்டில் வைக்க இடமில்லை; கோட்டு தயாராகும் வரை உறை இந்தக் கடையிலேயே இருக்கட்டும், அப்புறம் உடம்பிலேயே வைத்துக்கொள்ளப் போகிறாள்.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன் கெட்டவர் இல்லக்கா. அடிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். 'உனக்கு என்னம்மா குறை, நாங்க இல்லையா'ன்னு கேட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்துடுவார். போன வருஷமும் ஒரு வேலை வந்துச்சு. அவரே ஆஸ்பத்திரிக்கு நேர்ல போய், பாவம் துக்கத்துல இருக்கு, தனியா விட முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டார். அவங்க வேற ஆளை எடுத்துக்கிட்டாங்க. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். மறுபடி யாரும் கூப்பிட மாட்டாங்க."

நல்லவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம் என்று அளவக்காவுக்குப் புரிந்தது. கெட்டவன் என்றால் கதவைச் சாத்திவிட்டு ஓடலாம்.

"ரயில் கிளம்பற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் அளவக்கா. சொன்ன மறுகணமே ஏழெட்டு முகங்கள் வரிசையாக அவள் மனதில் வந்து நின்றன. அதில் நடுவில் ஒரு முகம்: அந்த மூத்தவரின் பெண்டாட்டி. நர்ஸம்மாவின் ஓர்ப்படி. அந்த வீட்டின் பெரிய மருமகள். புதன்கிழமை வட்டத்தில் அளவக்காவுக்கு நேர் எதிர் நாற்காலி.

அன்று மதியத்துக்குள் ரகசியம் அவளுக்குள் முளைவிட்டது. மாலைக்குள் கிளை பரப்பியது. சாப்பிடும்போது புருஷனிடம், "எனக்கு ஒண்ணு தெரியும், உங்ககிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றான் டிரைவர்.

"என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"இருபது வருஷமா கேக்காமலேயே வருது. இன்னிக்குத்தான் நிறுத்தத்துல நிக்காமப் போயிருக்கு. அப்படியே போகட்டும்."

முதல் புதன்கிழமைக்கு அவள் ஒரு உபாயம் செய்தாள். பாடற்குழுவின் அங்கிகள் ஆறு கீழ்மடிப்புக்காகக் கிடந்தன. அவற்றைக் கூட்டத்துக்கே எடுத்துப்போய் மடியில் போட்டுக்கொண்டு, தையற்காரர்கள் செய்வதுபோல நாலைந்து குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டாள். உதட்டில் ஊசி இருக்கிற வரைக்கும் பேச முடியாது. ஜெபக்குறிப்பு அவள் முறைக்கு வந்தபோது மடிப்பைக் காட்டி, "ம்ம்ம்," என்றாள். ஆமென் சொல்ல வேண்டிய இடத்திலும் "ம்ம்ம்." கர்த்தருடைய ஜெபத்தில் சோதனையைப் பற்றி வரும் வரியில் மட்டும் அவள் "ம்ம்ம்" மற்றவர்களுடையதைவிட நீளமாக இருந்தது.

"பல்லு வலியா?" என்றாள் நூலகத்தம்மா.

தலையாட்டி இல்லை என்றாள்.

"அப்போ வீட்டுல சண்டை," என்று நூலகத்தம்மா அடுத்தவளிடம் சொன்னாள். வகை பிரித்தாயிற்று.

அந்தப் புதன் அப்படித் தப்பியது. ஆனால் தப்பியதே ஆபத்தாகிவிட்டது. அளவக்கா மௌனமாக இருந்தால் அதுவே ஒரு செய்தி. வெள்ளிக்கிழமை பெரிய மருமகள், தைக்க எதுவும் இல்லாமல், ஒரு பொத்தானை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"எங்க வீட்டுச் சின்னவ இங்க வந்தாளா?"

"வருவா. எல்லாரும்தான் வர்றாங்க."

"கோட்டைக் கொடுத்திருந்தாளாமே. என்ன வேலை?"

"லைனிங் கிழிஞ்சிருந்துச்சு." அது நிஜம்தான். கொஞ்சம் கிழிந்திருந்தது, மிச்சத்தைக் கிழித்தது அளவக்கா.

"என்னமோ போங்க. முகமே சரியில்ல அவளுக்கு. குழந்தையைப் பாத்துப் பாத்து அழறா. நம்ம வீட்டுப் பொண்ணு, நாம கேக்காம யார் கேக்கறது? உங்களுக்கு எதாவது தெரிஞ்சா சொல்லுங்க, ஜெபிக்கலாம்."

பொத்தானைத் தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு அளவக்கா மிஷினில் உட்கார்ந்தாள். பெடலை மிதித்துக்கொண்டே ஜெபித்தாள். கொம்பும் வாலுமாக வருகிற பிசாசென்றால் அவள் கத்தரிக்கோலாலேயே விரட்டியிருப்பாள். இது நல்ல பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, கையில் வேதப்புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "பாவம், அந்தப் பொண்ணு குழந்தையோட தனியாப் போறா. யாராவது ஜெபிக்க வேண்டாமா? ஜெபம் இல்லாம அனுப்பறியே, நீயெல்லாம் ஒரு விசுவாசியா? பேர் சொல்ல வேணாம். ஒரு சகோதரி பிரயாணம் பண்றான்னு மட்டும் சொல்லு." ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் இதே பேச்சு. கேட்கக் கேட்க நியாயமாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நர்ஸம்மா கோட்டை வாங்கிக்கொண்டு போனபோது, அவள் நடையிலேயே லைனிங்குக்குள் உறை உட்கார்ந்திருப்பது அளவக்காவுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பே நாக்கில் சர்க்கரையாகக் கரைந்தது.

கூட்டத்துக்குப் போகாமலிருந்தால்? பன்னிரண்டு வருடமாகத் தவறாதவள் வரவில்லை என்றால், டீ ஆறுவதற்குள் நூலகத்தம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். போனாள்.

இரண்டாவது புதனில் ஊசியைக் கவ்வியதுமே போதகரம்மா கையை நீட்டினார். "கீழே வைம்மா. போன வாரம் முழுக்க எனக்கு ஜெபத்துல மனசே இல்ல. நீ முழுங்கிடுவியோன்னு ஒரு கண்ணைத் திறந்தே வெச்சிருந்தேன்." குண்டூசிகள் மேஜைமேல் டீத்தட்டில் போய் விழுந்தன. அளவக்காவுக்குத் துணியில்லாமல் தெருவில் நிற்பது போலிருந்தது.

பாட்டு முடிந்தது. பெரிய மருமகள்தான் முதலில் பேசினாள். எல்லாரும் பெயர் சொல்லாமல் சொல்வார்கள். அவள் அந்தச் சம்பிரதாயத்தையும் விட்டுவிட்டாள்.

"எங்க சின்னவளுக்காக ஜெபிங்க. எதையோ மறைக்கறா. நேத்து ஒரு பெட்டியை இறக்கித் துடைச்சா. இவர் இன்னிக்குச் சாயங்காலம் வந்து பீரோவைத் திறந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார். பேப்பரெல்லாம் சரியா இருக்கான்னு." பிறகு நேராக எதிர் நாற்காலியைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டுல என்ன தச்சீங்க?"

எல்லா நாற்காலியும் திரும்பின. புருவங்கள் ஏறின. ஓர நாற்காலியில் இருந்த பேக்கரிக்காரம்மாவின் கையில் பிஸ்கட் பாதி வழியில் நின்றது. வந்தேவிட்டது அந்த அரை நொடி. அவள் வாழ்நாளில் இவ்வளவு பெரிய அரை நொடி வாய்த்ததில்லை.

"நம்ம சபையில ஒரு சகோதரி..." என்றது அளவக்காவின் வாய். அவள் சொல்லவில்லை, பல வருடப் பழக்கம், அதுவாகவே தொடங்கிவிட்டது.

"கல்யாணம் ஆனவளா?" என்றாள் நூலகத்தம்மா.

"ஆனவதான்."

"ஆத்துக்கு இந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்."

மூன்றாவது கேள்விக்கு நூலகத்தம்மா வாயைத் திறந்தாள். சாயங்காலம் பீரோவும் காலையில் ரயிலும் அளவக்காவின் நாக்கின் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்திருந்தன. ஆண்டவரே என்று உள்ளுக்குள் கூப்பிட்டாள். அதற்குமேல் ஜெபிக்க நேரமில்லை.

"நானே சொல்லிடறேன்," என்றாள். "அந்தச் சகோதரி நான்தான்."

நூலகத்தம்மா திறந்த வாயை மூடினாள்.

"என்கிட்ட ஒரு ஆள் ஒண்ணு சொன்னா, அதை இன்னொரு ஆள்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியல. பல வருஷமா இப்படித்தான். ஜெபக்குறிப்புன்னு பேர் வெச்சுச் சொல்றேன், ஆனா ஜெபத்துக்காக இல்ல, நீங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறதுக்காக. போன வாரம் ஊசியைக் கவ்விக்கிட்டு உக்காந்தது அதுக்குத்தான். எனக்கு ஊசி இல்லாம வாயை மூடத் தெரியல. எனக்காக ஜெபிங்க."

இதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரில்லாத சகோதரிகளுக்கு ஜெபித்துப் பழகியவர்கள். பெயரோடு, கண்ணெதிரே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகோதரிக்கு எப்படி ஜெபிப்பது? போதகரம்மா வேதப்புத்தகத்தைத் திறந்து, மூடி, டீ போடவா என்று கேட்டார். பெரிய மருமகளின் முகத்தில் கோட்டும் பீரோவும் துடைத்துவிட்டாற்போல மறைந்து, புதிதாக ஒன்று பிரகாசித்தது. யார் யாரைப் பற்றி இவள் என்னென்ன சொன்னாள் என்று மனதுக்குள் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் பேக்கரிக்காரம்மா பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவள்.

"என்னைப் பத்தியும் சொல்லியிருக்கியா?"

இங்கே அளவக்காவுக்கு இன்னொரு வாசல் திறந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல பேரோடு கூட்டம் முடியும். பாவத்தை அறிக்கையிட்ட தைரியசாலி என்று வீட்டுக்குப் போகலாம்.

"ஆமாக்கா. உள்ள வாங்க, சொல்றேன். இங்க வெச்சு சொன்னா மறுபடியும் சொன்ன மாதிரி ஆயிடும்."

போதகர் வீட்டுச் சமையலறையில், கொதிக்கும் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால் பேக்கரிக்காரம்மாவின் மகள் ஒரு கவுனைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்தாள். கையைத் தூக்கி நின்றபோது, "இனிமே புருஷன் வீட்டுக்குப் போகப் போறதில்லைக்கா. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்னு இருக்கேன்," என்றாள். அது வெள்ளிக்கிழமை. அளவக்காவால் ஞாயிறு வரை தாங்க முடியவில்லை. மூன்றே பேரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை சபை வாசலில் பத்துப் பெண்கள் வந்து பேக்கரிக்காரம்மாவைக் கட்டிப் பிடித்து, மனசைத் தளர விடாதீங்க என்றார்கள். எதற்கு என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கெட்டில் விசிலடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

"அப்போ ஊருக்குச் சொன்னது அவ இல்லையா?" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"இல்லக்கா. என்கிட்ட மட்டும்தான் சொன்னா."

"ஊரெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியா சொன்னாள்னு மூணு வருஷமா நான் அவகூடச் சரியா பேசறதில்ல. பெத்தவளுக்கு மரியாதை இல்லன்னு சொல்லிட்டேன். அவ எவ்வளவோ சொன்னா, நான் யார்கிட்டயும் சொல்லலம்மான்னு. நான் நம்பல." அவள் அடுப்பை அணைத்தாள். "உன்னைக்கூட சந்தேகப்படல. என் பொண்ணைச் சந்தேகப்பட்டேன்."

அளவக்காவுக்கு அழுகை வந்தது. அழுதால் இந்த அம்மா தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

பேக்கரிக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அளவெடுக்கிற பார்வை. "மன்னிச்சேன்னு சொல்லலாம். வாய் வார்த்தைதானே. ஆனா பொய்யாயிடும், அது வேணாம். நான் மொதல்ல என் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும். உன்னோடது அப்புறம். வந்தா சொல்றேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். முன்னறையில் ஜெபம் நடந்து முடிந்திருந்தது. போதகரம்மா கடைசியில், அந்தச் சகோதரிக்கு மட்டுமல்ல, எனக்கும் என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாராம். மற்றவர்கள் கேட்காததுபோல இருந்துவிட்டார்கள்.

பெரிய மருமகள் அன்று டீ குடிக்காமலேயே கிளம்பினாள். வழியில் நாலு வீட்டில் நின்று, வீட்டுக்குப் போய், புருஷன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்து, படுக்கப் போகும் வரை அளவக்கா விஷயத்தையே பேசினாளாம். அளவக்கா தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று மூத்தவருக்கே கவலை வந்துவிட்டதாம். பீரோவை யாரும் திறக்கவில்லை. சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, என்ன நடந்தது என்று கேட்கவுமில்லை. காலையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போவது போலக் கிளம்பி ரயிலேறினாள்.

ஊர் அதைத் தெரிந்துகொள்ள மத்தியானம் ஆயிற்று. அதற்குள் குண்டூசி மூன்றாகியிருந்ததால் சின்ன மருமகளுக்குக் கடைத்தெருவில் அவ்வளவாக இடம் கிடைக்கவில்லை. மூத்தவர் வாசலில் உட்கார்ந்து, போனது போகட்டும், எங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான்.

அளவக்கா திருந்திவிட்டாளா என்று கேட்டால், போன வாரம்தான் நூலகத்தம்மாவின் இடுப்பு இரண்டு இஞ்சு கூடியதைப் புருஷனிடம் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரவாயில்ல, நான் கேக்கல," என்றான் டிரைவர். கடையில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்கள் கையைத் தூக்கினாலும் வாயைத் திறப்பதில்லை. அது அவளுக்கு வலிக்கிறது, பாதுகாப்பாகவும் இருக்கிறது. அளவெடுக்கும்போது "அப்புறம்?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். சில சமயம் "அப்" வரைக்கும் வந்துவிடுகிறது.

தினமும் சாயங்காலம் பேக்கரிக்குப் போகிறாள். வீட்டில் இரண்டு பேருக்கு இத்தனை ரொட்டி எதற்கு என்று டிரைவர் கேட்பதையும் நிறுத்திவிட்டான். பேக்கரிக்காரம்மா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தருவாள். ஒரு வாரம் இருவரும் எதுவும் பேசவில்லை. நேற்று வேறு யாரும் கடையில் இல்லை.

"பொண்ணு ஃபோனை எடுத்தாளாக்கா?"

"எடுத்தா."

"பேசினாளா?"

"கேட்டுக்கிட்டா. அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டா." பேக்கரிக்காரம்மா நூலை இழுத்து முடிச்சுப் போட்டு, பொட்டலத்தை மேஜைமேல் தள்ளினாள். "உன்னோடது இன்னும் வரல."

"சரிக்கா," என்று சொல்லிவிட்டு அளவக்கா ரொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.